மாடு தின்ற முதல் பழம்

எங்கள் வீட்டில் மாம்பழத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. பெருமாளுக்குப் படைக்காமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது. காய் தின்னலாம். ஊறுகாய் போடலாம். வடு கடிக்கலாம். பழுத்துவிட்டால் தொடக் கூடாது.

நான் சுந்தரபாண்டியத்துக்காரி. அங்கே எங்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. விழுந்த பழத்தைப் பாவாடையில் துடைத்துத் தின்போம். ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகுதான் மாம்பழத்தைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கப் பழகினேன்.

மூத்த மகள் என் வயிற்றில் இருந்த கோடை அது. எண்பத்தஞ்சோ எண்பத்தாறோ. எனக்கு ஆறாம் மாதம். மற்றவர்களுக்கு மசக்கை நாலாம் மாதத்தோடு போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. புளி கேட்கவில்லை, சாம்பல் கேட்கவில்லை. ஒரு மாம்பழம் வேண்டும். அதுவும் எங்கள் தோப்புச் சப்பட்டை. அவ்வளவுதான்.

பெரிய வீடு. மாமா, அத்தை. மூத்த மகன் தோப்பையும் வயலையும் பார்த்தார். இரண்டாவது மகனுக்கு மில்லில் வேலை. இரண்டு பேருக்கும் மனைவி, பிள்ளைகள். மூத்தவர் மனைவியைப் பெரியக்கா என்பேன். இரண்டாமவர் மனைவியைச் சின்னக்கா என்பேன். சின்னக்கா வாய் மூடி நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் மூன்றாவது. பட்டாளத்தில் இருந்தார், வடக்கே.

பள்ளிக்கூடம் சாத்தினதும் நாத்தனார்கள் பிள்ளைகளோடு வந்துவிடுவார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று இலை போடும்போதுதான் தெரியும். காலையில் பிள்ளைகளைத் தோப்புக் கிணற்றுக்குக் கூட்டிப் போவார்கள். பம்புசெட்டுத் தண்ணீரில் தோல் சுருங்கும் வரை கிடந்துவிட்டு வருவார்கள். வந்ததும் பழைய சோறு, மோர், வெங்காயம். பெண்கள் மொட்டை மாடியில் வத்தல் பிழிவோம். காக்காவை விரட்ட ஒரு பிள்ளையை நிறுத்துவோம். காக்கா தின்னது பாதி, நிறுத்தின பிள்ளை தின்னது பாதி. மிச்சம் டப்பாவுக்குப் போகும்.

மாமா விடியுமுன் குளித்து நெற்றியில் நாமம் போட்டு பெருமாள் அறையில் பாசுரம் சொல்வார். கறந்த பால் முதலில் அங்கே போகும். பிறகுதான் காப்பி. சனிக்கிழமை வில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் பயணம். இதெல்லாம் யாரும் சொல்லித் தருவதில்லை. வந்த மறுநாளே பழகிவிடும்.

அந்த வருசம் சித்திரை பாதியிலேயே பழம் வந்துவிட்டது. வைக்கோல் போட்டு உள்ளறையில் அடுக்கினார்கள். நான் படுக்கிற அறை அதற்கு அடுத்தது. கதவைச் சாத்தினாலும் வாசனை வரும்.

படைக்கிற நாளை மாமா சொல்லவே இல்லை. பெரியக்கா கேட்டாள்.

"சின்னவன் வரட்டும்" என்றார்.

சின்னவன் என்றால் என் வீட்டுக்காரர். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் பட்டாளத்துக்குப் போன முதல் வருசம் அவர் இல்லாமல் பழம் படைத்துத் தின்றார்களாம். அந்த மாதமே அங்கே லாரியிலிருந்து விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. மாமா இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். அதன் பிறகு மகன் லீவில் வராமல் பழம் படைப்பதில்லை. வருசா வருசம் அவரும் பழத்தோடு சேர்ந்து வந்துவிடுவார். இந்த வருசம் பழம் முந்திவிட்டது. லீவு பிந்திவிட்டது. தள்ளிப்போகிறது, வந்துவிடுவேன் என்று தந்தி வந்தது. எப்போது என்று இல்லை.

மாமா ஒரு வேலை செய்தார். நல்ல பழமாகப் பொறுக்கி ஒரு தாம்பாளம் நிறையப் பெருமாள் அறையில் வைத்தார். சின்னவன் எந்த நேரம் வந்து இறங்கினாலும் உடனே படைத்துவிடலாம் என்று. வெயில் காலம். மறுநாளே பழம் கனிந்து தோல் சுருங்கும். மாமா அதை எடுத்துவிட்டு வேறு வைப்பார்.

எடுத்த பழத்தை என்ன செய்வது? பெருமாளுக்கென்று ஒதுக்கியதை மனுசர் தின்னக் கூடாது. படைக்காததால் அது பிரசாதமும் இல்லை. குப்பையில் போட்டால் பாவம். மாமா யோசித்தார். பசுவுக்குப் போடச் சொன்னார்.

தினமும் ஒரு தாம்பாளம். வீட்டிலேயே நல்ல பழம்.

பிள்ளைகள் தொழுவத்து வாசலில் வரிசையாக நின்று பார்க்கும். மாடு கொட்டையைக்கூட விடாது. கடைவாயில் சாறு ஒழுகும்.

"மாடாப் பொறந்திருக்கலாம்ல" என்றான் பெரிய நாத்தனார் மகன்.

"நீ மாடுதாம்ல. பாலு மட்டுந்தான் கறக்க மாட்ட" என்றாள் சின்னக்கா.

பக்கத்து வீட்டம்மா தெலுங்கு பேசுகிறவர். சுவர் மேல் தலையை நீட்டி, மாம்பழம் படைத்தாயிற்றா என்று தினமும் கேட்பார்.

"ஏமம்மா, மாமிடிப் பண்டு ஆச்சா?"

"ஆச்சும்மா. மாட்டுக்கு ஆச்சு" என்பாள் சின்னக்கா.

பால் கறப்பது என் வேலை. குனிய முடியாத மாதம் வரும் வரை நானே கறப்பேன் என்று சொல்லியிருந்தேன். கறந்து முடித்ததும் மாட்டின் முகத்துப் பக்கம் செத்த நேரம் நிற்பேன். அது மூச்சு விட்டால் மாம்பழ வாசனை. கண்ணை மூடிக்கொள்வேன். ஒருநாள் சின்னக்கா பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, மாட்டுக்கு முத்தமா கொடுக்க? ஒம் புருசன் வந்தா என்ன சொல்லப் போறானோ."

அவள் அத்தையிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானம் அத்தை என் அறைக்கு வந்தார். முந்தானையை விரித்தார். உள்ளே ஒரு பழம்.

"தின்னுட்டி. வாயும் வயிறுமா இருக்கவளுக்குச் சட்டமெல்லாம் கிடையாது. ஒங்க மாமாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

கையில் வாங்கினேன். சூடாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"வேண்டாம் அத்த."

"ஏன்?"

"அவிய கால் இருக்குல்ல."

அத்தை என்னைப் பார்த்தார். பழத்தை முந்தானையில் மறுபடி முடிந்துகொண்டு போய்விட்டார்.

மாமாவின் கணக்கை நான் நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. நான் தின்று அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிறகு நான் மாம்பழத்தை என்ன முகத்தோடு பார்ப்பது?

அடுத்த சனிக்கிழமை அத்தை பெருமாளுக்குத் திரட்டுப்பால் கிண்டினார். விறகடுப்பில் காலையிலிருந்து பாலைச் சுண்டவிட்டு வெல்லம் போட்டார். பால் சுண்டச் சுண்ட ஒரு வாசனை. முதலில் வைக்கோல் அறையிலிருந்து வருகிறது என்று நினைத்தோம். மாமா துளசி போட்டுப் படைத்தார். எல்லாருக்கும் கையில் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார். கடைசியாகத் தன் வாயில் போட்டார்.

மென்று பாதியில் நிறுத்தினார்.

"மாம்பழம் போட்டது எவ?"

மாமா கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. காது சிவந்துவிட்டது.

"பெருமாளுக்குப் பண்ணுனதுல மாம்பழத்தப் போட்டது எவ? அம்புட்டுச் சொல்லியும் கேக்கலையா? எம் பிள்ள அங்க இருக்கான்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். முந்தானைப் பழம் இரண்டு பேர் நினைவிலும் இருந்தது என்று தெரிந்தது. நான்தான் பாலைக் கறந்தவள். நான்தான் சொல்ல வேண்டும்.

"யாரும் போடல மாமா."

"பொறவு?"

"மாடு போட்டது."

மாமாவுக்கு விளங்கவில்லை. நான் விளக்கமாகச் சொல்லத் தெரியாதவள். மறுபடி சொன்னேன்.

"தெனமும் பழந்தான தின்னுது. பாலும் அப்படித்தான் வாசன அடிக்கு. நானும் நாளாப் பாக்கேன்."

சின்னக்காவுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அப்போ மாமா, தெனம் காலம்பற அந்தப் பாலுதான பெருமாளுக்குப் போகுது?"

"ஆமா."

"அப்போ பெருமாளு எப்பவோ மாம்பழம் தின்னாச்சு. நம்ம மாடு ஊட்டிவிட்டுருச்சு. நாமதான் வாயப் பாத்துக்கிட்டு நிக்கோம்."

ஒரு பிள்ளை சிரித்தது. பெரியக்கா அதன் வாயைப் பொத்தினாள். மாமா கையில் மிச்சமிருந்த திரட்டுப்பாலை முகர்ந்தார். எழுந்து தொழுவத்துக்குப் போனார். நாங்கள் பின்னால் போகவில்லை. எட்டிப் பார்த்தோம். மாட்டின் முன்னால் நின்றார். அது அவர் கையை நக்கியது, பழம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து.

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அத்தை பயந்து போனார். போய்ப் பார்த்தால் சிரிக்கிறார். சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வரும்படி.

"இத்தன நாளா சின்னவன் இல்லாமத்தான் படைச்சிருக்கேன்" என்றார். "எனக்கே தெரியாமப் படைச்சிருக்கேன்."

"அவனுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார் அத்தை.

"ஆகியிருந்தா தந்தி வந்திருக்கும்."

"அப்போ?"

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"சாயங்காலம் எல்லாரும் வில்லிபுத்தூருக்குக் கெளம்புங்க. கூடைய எடு."

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தார்.

பஸ்ஸில் பாதி இடம் நாங்கள்தான். மாமா கூடையை மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் கூடையை இறக்கி வைக்கச் சொன்னார்.

"கீழ வைக்கக் கூடாது. சாமிக்கு" என்றார் மாமா.

"சாமிக்கு டிக்கெட் வேண்டாம் பெரியவரே. கூடைக்கு லக்கேஜ் உண்டு."

மாமா மறுபேச்சில்லாமல் கொடுத்தார். அவர் பேரம் பேசாமல் எதையும் கொடுத்தவர் இல்லை.

கோயிலில் பட்டர் எங்கள் பழத்தை வாங்கி ஆண்டாள் முன்னால் வைத்தார். தாயார் கையில் கிளி. பெரிய நாத்தனார் மகன் என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"அத்த, கிளிக்கு முன்னாடியே நம்ம மாடு தின்னுட்டுதே. கிளி கோவிக்காதா?"

"பேசாம கும்பிடு" என்றேன். எனக்கும் சிரிப்பு வந்தது.

வெளியே வந்து தேர் நிற்கிற பக்கம் நிழலில் உட்கார்ந்தோம். மாமா கூடையைத் திறந்தார். வழக்கமாக முதல் பழம் மூத்த மகனுக்கு. அன்று எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா. நீதான் கறந்த."

கத்தி இல்லை. நுனியைக் கடித்துத் துப்பிவிட்டுத் தின்றேன். முழங்கை வரை ஒழுகியது. யார் சுற்றி இருந்தார்கள் என்றுகூடத் தெரியாது. கொட்டையைச் சப்பி முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொண்ணு குடுங்க மாமா" என்றாள் சின்னக்கா. "இல்லேன்னா பிள்ள உள்ள இருந்து கைய நீட்டிரும்."

இன்னொன்றும் தின்றேன். அதற்குப் பிறகு பிள்ளைகள் கூடைமேல் விழுந்தார்கள். பஸ் ஏறும்போது எல்லார் வாயும் மஞ்சள். வந்த கண்டக்டர் அதே ஆள். பெரியக்கா அவர் கையில் ஒரு பழத்தை வைத்தாள்.

பயம் பிறகு வந்தது. பழம் இனித்தது உண்மை, தின்ற பிறகு நெஞ்சு அடித்ததும் உண்மை. மாமாவுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மதுரை ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் பக்கம் போய் நின்றார். கேட்டால், சும்மா காற்றாட என்பார். அந்த வெயிலில் என்ன காற்று?

வைகாசி பிறந்து ஒருநாள் மாமா தனியாகத் திரும்பவில்லை. முன்னால் ஒரு டிரங்குப் பெட்டி. பின்னால் என் வீட்டுக்காரர், கறுத்துப் போய். மாமா அவரை வாசலிலேயே நிறுத்தினார். முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தார். ஒரு காலை. பிறகு மறு காலை.

"நடல" என்றார்.

"ஸ்டேஷன்ல இருந்து நடந்துதானப்பா வந்தேன்?"

"இன்னும் கொஞ்சம் நட."

அவர் வாசலில் அங்கும் இங்கும் நடந்து காட்டினார். தெருவே பார்த்தது. அத்தை ஒரு தட்டில் பழம் நறுக்கிக் கொண்டுவந்தார். மாமா தொண்டையைச் செருமினார்.

"ஏலே, இந்த வருசம் பெருமாளு கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு. நீ வாரதுக்குள்ள படைச்சாச்சு. தப்பா எடுத்துக்கிடாத."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"எனக்காகவா காத்திருந்திய? ரயில்ல ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாம்பழந்தான். டெல்லியத் தாண்டுனதுல இருந்து தின்னுக்கிட்டேதான் வாரேன். வயிறு சரியில்ல. மோரு இருந்தா குடு."

வீடே சிரித்தது. அத்தை உட்கார்ந்துவிட்டார். மாமா மட்டும் விடவில்லை.

"படைக்காமயா தின்ன?"

"பெருமாளேன்னு சொல்லித்தான்பா கடிச்சேன்."

"அப்போ சரி" என்றார் மாமா.

நறுக்கின தட்டு திரும்பி என்னிடம் வந்தது.

அடுத்த வருசம் மாமா புதுச் சட்டம் போட்டார். முதல் பழம் பசுவுக்கு. அதன் பால் பெருமாளுக்கு. அன்றைக்கே பழம் எல்லாருக்கும். வராதவர்கள் வந்து தின்றுகொள்ள வேண்டியது. என் மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். தொழுவத்தில் விட்டுவிட்டு நான் கறந்துகொண்டிருந்தபோது மாட்டின் தாம்பாளத்திலிருந்து ஒரு பழத்தை இழுத்துச் சப்பிவிட்டாள். மாமா பார்த்தார். மாட்டுக்கு வேறொன்று எடுத்துப் போட்டார்.