347347 உடைபடுமா?

என் மனுசி அருந்ததி கிளிநொச்சியில் கணித ரீச்சர். ஒரு எண்ணைக் கண்டால் அதை உடைத்துப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றாலும் லொறி இலக்கங்களைக் காட்டி, "இது முதன்மை எண்ணோ, சொல்லுங்கோ பாப்பம்" என்பாள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மிச்சமின்றி வகுபடாததுதான் முதன்மை எண். வயல் செய்கிற எனக்கு ஏன் இந்தத் தலையிடி? இரண்டு, மூன்று, ஐந்தால் வகுத்துப் பார்ப்பேன். மிச்சமின்றிப் போகாவிட்டால், "ஓம், முதன்மை" என்று விடுவேன். "ஏழால பாத்தனீங்களோ?" என்று நடுச்சந்தியில் என் மானத்தை வாங்குவாள்.

போன மாரியில் பளை றோட்டில் மாடு குறுக்கே பாய்ந்து அவளுடைய ஸ்கூட்டி சரிந்தது. தலைக்குள் இரத்தம் கட்டி, ஒப்பரேசன் செய்தார்கள். பிறகு கண்ணைத் திறந்தாள், ஆனால் பேசவில்லை. டொக்டர் அம்மா என்னைக் காட்டி, "ரீச்சர், இவர் ஆர்? தெரியுதோ?" என்று கேட்டார். சுவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"பின்னேரம் திரும்ப வந்து பாப்பன், ஐயா. அப்பவும் கதைக்காட்டி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பித் தலையைத் திரும்பத் திறக்கவேணும். உடம்பு தாங்குமோ எண்டு என்னால சொல்லேலாது" என்றார் டொக்டர்.

நானும் கதைத்துக் கதைத்துப் பார்த்தேன். இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறந்ததைச் சொன்னேன். பிள்ளையாருக்கு நேர்ந்தேன். அவள் அசையவில்லை. டொக்டர் வாசலுக்கு வந்துவிட்டார். அம்புலன்ஸும் வந்து நிற்கிறதாம். பதறிப்போய் அவள் கையைப் பிடித்தேன். மணிக்கட்டில் கட்டியிருந்த ஆஸ்பத்திரிப் பட்டியில் 347347 என்று இருந்தது. வேறு எந்தக் கதையும் என் வாயில் வரவில்லை.

"அருந்ததி, இஞ்ச பாருமப்பா, உம்மட நம்பர். இரட்டை எண் இல்லை. ஐஞ்சில முடியேல்லை. இலக்கங்களைக் கூட்டினா இருபத்தெட்டு, அப்ப மூண்டாலயும் போகாது. முதன்மை எண்தானே?"

அவளுடைய புருவம் சுருங்கியது. ஐயோ, அந்தச் சுருக்கத்தை எனக்குத் தெரியாதா!

"பிழை" என்றாள். குரல் கரகரத்தது. "ஏழு... பதினொண்டு... பதின்மூண்டு."

டொக்டர் போனை எடுத்து வகுத்துப் பார்த்தார். அவள் சொன்ன அந்த மூன்று எண்களாலும் மிச்சமில்லாமல் போனது. மூன்று இலக்க எண்ணை அடுத்தடுத்து இரண்டு தரம் எழுதினால் அது ஆயிரத்தொன்றின் மடங்கு. ஆயிரத்தொன்றோ ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகிய மூன்றையும் பெருக்கினால் வருவது. எத்தனை தரம் சொல்லித் தந்திருப்பாள், பாவி மனுசி!

"நல்ல யோசனை, ஐயா. வேணுமெண்டே பிழையாச் சொன்னனீங்களோ?" என்றார் டொக்டர்.

"இல்லை டொக்டர். முதன்மை எண்டுதான் நினைச்சனான்."

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார். "ரீச்சர், இவர் ஆர்?"

அருந்ததி என் பக்கம் திரும்பினாள். இந்த முறை என்னைத்தான் பார்த்தாள்.

"என்ர மனுசன்" என்றாள். "ஏழால பாக்கவே மாட்டார்."