ஏகமனதாக

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் சங்கத்து அறை. அன்றைக்கு அங்கே வந்திருந்தவர்கள் இவர்கள். தலைவர். செயலாளர். வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் அண்ணன், தம்பி இருவர். உருளைக்கிழங்கு மண்டி மேஸ்திரி. வாழைத்தார் இறக்குகிறவர். புளி மண்டி பாய். கைவண்டிக்காரர். தேங்காய் மண்டியிலிருந்து காது கேட்காத ஒருவர். என் ஜோடி. நான்.

ஐம்பத்தாறாம் வருஷம், வெயில் காலம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். காலை வியாபாரம் முடிந்து மார்க்கெட் காலியாகக் கிடந்தது.

ஜோடி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். மூட்டையை ஒருவன் தனியாகத் தன் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. இன்னொருவன் பிடித்து ஏற்றிவிட வேண்டும். அடுத்த மூட்டைக்கு இவன் பிடிப்பான், அவன் சுமப்பான். நானும் அவனும் ஒன்பது வருஷம் அப்படி. நான் காட்டூர். அவன் பாலக்கரை, வேதக்காரர், அதாவது கிறிஸ்தவக் குடும்பம். எட்டாவது வரை படித்தவன். நான் இரண்டாவதோடு சரி. மத்தியானத்தில் அவன் பேப்பரை உரக்கப் படிப்பான். நாங்கள் பீடி பிடித்துக்கொண்டு கேட்போம்.

அந்த அறைச் சுவரில் ரஷ்யத் தலைவர் படம் ஒன்று மாட்டியிருந்தது. பெரிய மீசை. அவர் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தலைவர் எந்தப் பேச்சையும் அவர் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவார். அங்கே மூட்டை தூக்குகிறவனுக்கும் வீடு உண்டு, ஆஸ்பத்திரி உண்டு என்பார். நாங்கள் படத்தைப் பார்த்துக்கொள்வோம்.

ஒருநாள் ஜோடி பேப்பரில் ஒரு சேதி படித்தான். அந்த மீசைக்காரர் குற்றமில்லாத எத்தனையோ பேரைக் கொன்றார், சிறையில் போட்டார் என்று, அவருக்குப் பின்னால் வந்தவரே கதவைச் சாத்திக்கொண்டு தன் ஆட்களிடம் பேசினாராம்.  பேப்பரை மடித்துவிட்டு ஜோடி கேட்டான்.

“அவரு கொல்லும்போது இவரு எங்க இருந்தாரு?”

“பக்கத்துலதான் இருந்திருப்பாரு,” என்றார் பாய். “தள்ளி நின்னிருந்தா இன்னிக்குப் பேசறதுக்கு ஆள் இருந்திருக்க மாட்டாரே.”

சிரித்தோம். தலைவர் வாசலில் நின்றதை யாரும் பார்க்கவில்லை.

தலைவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் கையில் பித்தளை வில்லையைக் கட்டிவிட்டவர் அவர். வில்லை கட்டியவன்தான் மார்க்கெட்டில் மூட்டையைத் தொடலாம். அதற்காகப் போலீசிடம் அடி வாங்கி அவருக்கு ஒரு பல் போயிற்று. என் பெண்டாட்டிக்குப் பிரசவத்தில் முடியாமல் போனபோது ஜட்கா பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். அவள் பிழைக்கவில்லை. ஆனாலும் கொண்டுபோனார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதற்கும் நான் மறுத்துப் பேசியதில்லை.

அவர் சொன்னது இது. அந்தச் சேதி முதலாளிப் பேப்பரின் புளுகு. அதைச் சங்கத்துக்குள் படித்தவன் சங்கத்துக்கு ஆகாதவன். வில்லையைக் கழற்ற வேண்டும். அதற்குத்தான் அந்த மீட்டிங்.

எங்கள் செயலாளருக்கு எழுத்து மெதுவாக வரும். அதனால் மீட்டிங்குக்கு முன்பே மினிட் புத்தகத்தில் தீர்மானத்தை எழுதி வைத்துவிடுவார். வந்தவர் இத்தனை, ஆதரவு இத்தனை என்று போட்டு, கடைசியில் ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று முடிப்பார். லேபர் ஆபீசர் பார்க்கிற புத்தகம். அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது என்பார்.

ஒருதடவை ஜோடியிடம் கேட்டிருக்கிறேன்.

“ஏகமனதுன்னா என்னப்பா?”

“எல்லாருக்கும் ஒரே மனசுன்னு அர்த்தம் மாப்ளே.”

“மீட்டிங்குக்கு முந்தியே அது எப்படித் தெரியும்?”

“நம்ம செயலாளருக்கு ஜோசியம் வரும்.”

அன்றைக்குச் செயலாளர் தீர்மானத்தை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.”

காது கேட்காதவர் முதலில் தூக்கினார். கண்ணாடி கழன்றால் கை தூக்க வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம். பிறகு அண்ணன், தம்பி. மேஸ்திரி. பாய் தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினார். நான் தூக்கவில்லை. சும்மாட்டுத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செயலாளர் எண்ணினார். புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

“ஒன்பதுதான் வருது. பதினொண்ணுன்னு எழுதிட்டேனே.”

நீக்கப்படுகிறவனையும் சேர்த்து எழுதிவிட்டார். பிழை அவருடையது. அங்கே யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. இரண்டு கை குறைகிறது என்றுதான் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

தலைவர் என் பக்கம் திரும்பினார்.

“நீ என்னப்பா?”

கோபமாகக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் பேசிய அதே குரல்.

ஜோடி என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கையைத் தூக்கினான். வில்லை கட்டிய கை.

“பத்து,” என்றார் செயலாளர்.

நான் தூக்கினேன்.

ஜோடி வில்லையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தான். “பொஸ்தகம் கெடக் கூடாதில்லே பாய்,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான். 

மறுநாள் முதல் எந்தக் கை கிடைத்ததோ அந்தக் கையோடு மூட்டை ஏற்றினேன். ஒரு மூட்டைக்கு ஒருவர். ஜோடி என்று சொல்ல யாரும் அமையவில்லை. பேப்பர் வந்தது. படிக்க ஆள் இல்லை. கொஞ்ச நாளில் அதையும் நிறுத்தினார்கள். நான் டீக்கடைப் பேப்பரை வீட்டுக்குக் கேட்டு வாங்கிப்போய் எழுத்துக் கூட்டினேன். ஒரு பக்கம் படிக்க ஒரு சாயங்காலம் ஆகும். படித்ததைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

இரண்டு மூன்று வருஷத்தில் மீசைக்காரர் படம் இறங்கியது. அதே ஆணியில், கதவைச் சாத்திக்கொண்டு பேசினாரே, அந்தப் புதியவர் படம் ஏறியது. வழுக்கைத் தலை. பழையவரைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தைகளைத் தலைவர் இவருக்கும் சொன்னார். அப்படியானால் ஜோடி படித்தது புளுகில்லை. வில்லையைத் திருப்பிக் கொடுப்பதுபற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அறுபத்துநாலில், ஐப்பசி மழைக்கு முன்னால், பேப்பரில் இன்னொரு சேதி வந்தது. வழுக்கைத் தலைக்காரரும் பதவியை விட்டுப் போய்விட்டார். அதைப் படித்துவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். எட்டு வருஷமாக ஏறாத பஸ். பாலத்துக்குக் கீழே தண்ணீர் நிறைய ஓடியது.

ஜோடி அங்கே வடக்குப் பக்கம் ஒரு விறகுத் தொட்டியில் வேலை பார்ப்பது எனக்குத் தெரியும். கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தான். தலை நரைத்திருந்தது.

“வாய்யா. வழி தெரிஞ்சுதா?”

“இங்க எப்படி இருக்கு?”

“இங்க தலைவர் பெருமாள்தான். படுத்தே இருக்காரு. மீட்டிங் கூட்டறதில்லே.”

பேப்பரை நீட்டினேன். படித்தான். ஓரிடத்தில் விரலை வைத்தான். வயதாகிவிட்டது, உடம்பு சரியில்லை, என்னை விடுவித்துவிடுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டாராம்.

“இவரும் கையத் தூக்கிட்டாரு மாப்ளே,” என்றான்.

விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தோம். ரஷ்யாவில் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப இப்படி என்று கேட்டேன். அவன் அங்கேயும் எதையாவது வாங்கிப் படித்துக்கொண்டுதான் இருந்தான்.

“நூறு வருஷம் முந்திவரைக்கும் அங்க நிலத்தோட ஆளையும் சேர்த்து வித்திருக்காங்க. அதுக்கும் மேல ராஜா. அவர அப்பான்னுதான் கூப்பிடுவாங்களாம். ராஜா போனாரு, இவங்க வந்தாங்க. அந்த எடம் காலியாவே இல்லை.”

“பயம்தானா?”

“பயம் உண்டு. சோறு போட்டாருன்னும் இருக்கும். சண்டையில ஜெயிச்சுக் குடுத்தாருன்னும் இருக்கும். நீ ஒனக்கு யோசிச்சுப் பாரேன்.”

யோசித்தேன். என் அப்பா பண்ணையாள். மிராசுதார் வண்டி போனால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி நிற்பார். வண்டி போய் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்பார். நான் மார்க்கெட்டுக்கு வந்தேன், சங்கத்தில் சேர்ந்தேன். யார் வண்டிக்கும் இறங்கி நின்றதில்லை என்று நினைத்திருந்தேன். அந்த அறையில் என்னை யாரும் அடிக்க வரவில்லை. ஜட்கா பிடித்தவர் ‘நீ என்னப்பா’ என்றார், அவ்வளவுதான். ரஷ்யாவில் எத்தனை பேர் வீட்டில் எத்தனை ஜட்காவோ.

கடைசியில் கேட்டேன்.

“நீ ஏன் தூக்கினே?”

“நான் தூக்கலேன்னா நீ தூக்கியிருக்க மாட்டே.”

“மாட்டேன்.”

“அதுக்குத்தான். ஒன் வில்லையும் போயிருக்கும்.”

எழுந்து கோடாலியை எடுத்தான். ஒரு கட்டையைப் பிளந்தான். நான் இன்னொன்றைப் பிடித்து நிறுத்தினேன். அதையும் பிளந்தான். இருட்டுவதற்குள் பஸ் பிடித்துவிட்டேன். பிறகு நான் போகவில்லை. அவனும் கூப்பிடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அறைக்கு ஓடு மாற்றினார்கள். சாமான்களை வெளியே எடுத்துவைக்கும் வேலை எனக்கு. மினிட் புத்தகங்கள் ஒரு சாக்கில் இருந்தன. இப்போது எனக்குப் படிக்க வருமே. வெயிலில் உட்கார்ந்து ஐம்பத்தாறாம் வருஷத்துப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அந்தப் பக்கம் கிடைத்தது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. வந்திருந்தவர் பதினொன்று. ஆதரவு பதினொன்று.