டீ கொதிக்கும் வரை ஓடிய வண்டி

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். செங்கல்பட்டில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். நாலு பேர் சேர்ந்து வந்து ஸ்விட்ச் கேட்டாலே எனக்கு வாய் குழறும். என்னைப் போய், கதை எழுதுகிறவர்கள் செய்யும் தப்புகளைப் பற்றியும் அவற்றைத் திருத்திக்கொள்வது பற்றியும் எழுதச் சொல்லி எங்கள் நூலக வாசகர் வட்டத்தார் கேட்டிருக்கிறார்கள். அச்சில் வந்த என் கதைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். யாருக்கும் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். என் கதைகளைக் காது கொடுத்துக் கேட்ட ஒருவரைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன். அதற்கு ஒரு பைக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

அது இப்போதும் எங்கள் வீட்டு வாசலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறது. சில காலைகளில் நான் எழுவதற்கு முன்பே அது ஓடும் சத்தம் கேட்கிறது. போய்த் தொட்டுப் பார்த்தால் எஞ்சின் சில்லென்று இருக்கிறது.

வண்டி என் அண்ணனுடையது. நாவலூர் பக்கத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. தினமும் திருப்போரூர் வழியாகப் போய் வருவார். ஒரு நாள் மாலை வரவில்லை. இரண்டு நாள் கழித்து, மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் வழியில் சவுக்கு மரங்களுக்கு அடியில் வண்டி நிற்பதாகப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தகவல் வந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது. பக்கத்தில் அவருடைய செருப்புகள், வீட்டு வாசலில் விடுவதுபோல ஜோடியாக. அவர் கடலில் இறங்கியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. இளநீர் விற்பவர் ஒருவர், வெறுங்காலோடு ஒரு ஆள் புதுச்சேரி பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார். பிறகு, அது வேறு நாளாகக்கூட இருக்கலாம் என்றும் சொன்னார்.

வண்டி வீட்டுக்கு வந்ததிலிருந்து அண்ணி அதைத் தினமும் ஸ்டார்ட் செய்யத் தொடங்கினார். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வெளியே வருவார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கிக்கரை உதைப்பார். டீ கொதிக்கும் வரை ஓடவிட்டு அணைத்துவிடுவார். சும்மா நிறுத்தி வைத்தால் பேட்டரி போய்விடும், வந்து எடுக்கும்போது அவருக்குப் பேஜாராகிவிடும் என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. வருஷக்கணக்காக நான் கண் விழித்தது அந்தச் சத்தத்தில்தான். பாதித் தூக்கத்தில், அண்ணன் வேலைக்குக் கிளம்புகிறார் என்று ஒரு கணம் தோன்றும். அல்லது வந்துவிட்டார் என்று. இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான்.

அந்த வருஷங்களில்தான் நான் கதை எழுத ஆரம்பித்தேன். ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் பேச முடியாத விஷயம் ஒன்று இருந்தது, அதனால் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணிக்குப் படித்துக் காட்டுவேன். அவர் முறத்தில் முருங்கைக்கீரையைப் பரப்பி ஆய்ந்துகொண்டே கேட்பார். அவர் கை வேகமாகப் போனால் கதை அலுக்கிறது என்று அர்த்தம். கை எங்கே நிற்கிறதோ, அங்கேதான் நான் ஏதோ எழுதியிருக்கிறேன்.

முதல் கதையில் சூரியன் உதித்து, பறவைகள் பாடி, தென்றல் வீசி, ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் ஆளே வந்தான். அதற்குள் பாதிக் கீரை முடிந்துவிட்டது. "இன்னாடி, ஆளு எப்ப வருவான்? பல்லு வெளக்கிகினு கீறானா?" என்றார். இன்னொரு கதையில் மீன்காரம்மா ஒருத்தி, "என் உள்ளம் வேதனையில் வாடுகின்றது" என்று பேசினாள். அண்ணி சிரித்த சிரிப்பில் முறம் கவிழ்ந்தது. "இவகிட்ட எவன் மீனு வாங்குவான்? கூடையோட மேடையில ஏத்தி வுடு" என்றார். கண்ணீர் ஆறாகப் பெருகியது என்றெல்லாம் எழுதினால் மட்டும் கேலி செய்ய மாட்டார். "அழுவட்டும். அழுவறதுக்கு முன்னாடி அந்தக் கை இன்னா பண்ணிகினு இருந்துச்சி? அத எழுது" என்பார். அதைச் சொல்லும்போது அவர் கை கீரையிலேயே இருக்கும். நான் அந்தக் கையைப் பார்க்காமல் தாளைப் பார்ப்பேன்.

என்னுடைய பெரிய குறை முடிவுகளில் இருந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் யாரையாவது சாகடித்துவிடுவேன். லாரி மோதும், மாரடைப்பு வரும், கிணற்றில் விழுவார்கள். "உன் கதையில ஒருத்தனுக்குப் பேரு வெச்சாலே எனக்குப் பயமாக் கீது. எமன் உன் பக்கத்துலயே குந்திகினு கீறான் போல" என்பார். இருவரும் சிரிப்போம். பிறகு யாரோ கூப்பிட்டதுபோல இருவருமே சட்டென்று நிறுத்திக்கொள்வோம்.

ஒரு ஞாயிறு அண்ணனைப் பற்றி எழுதியதைப் படித்தேன். பெயரை மாற்றியிருந்தேன், ஊரை மாற்றவில்லை. ஒரு மனிதன் கடற்கரைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறான், செருப்பைக் கழற்றி ஜோடியாக வைக்கிறான். அந்த இடத்தில் அண்ணியின் கை நின்றது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மேலே படித்தேன். அலைகள், கழுத்தளவு தண்ணீர், கடைசியாக அவன் நினைத்த மனைவியின் முகம். முடித்த பிறகும் கை அசையவில்லை. உள்ளறையில் அம்மா இருமினார்.

"செருப்ப எதுக்குக் கழட்டினாரு?" என்று அண்ணி கேட்டார்.

"தெரியாது அண்ணி."

"தண்ணில எறங்கினாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"கூடக் குடித்தனம் பண்ணின எனக்கே தெரியல. உனக்கு ஒரு முடிவு வேணும்னு அவர நீ தள்ளி வுட்டுட்டியா?"

குரலில் கோபம் இல்லை. ஒரு கொத்தை எடுத்து மறுபடி ஆயத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, "தெரிஞ்ச வரைக்கும் எழுது. தெரியாத எடத்துல நின்னுடு. நான் நிக்கல?" என்றார்.

அந்தக் கதையைச் செருப்போடு நிறுத்தினேன். முதலில் அச்சில் வந்தது அதுதான். படித்தவர்கள் சிலர் கடைக்கு வரும்போது, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். ஒயரை அளந்துகொண்டே, தெரியாதுங்க என்பேன். யாரும் நம்பியதில்லை.

மகனுக்குக் காரியம் செய்துவிட்டால் அவன் அலைய மாட்டான் என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி எதிர்த்துப் பேசியதில்லை. "வண்டி ஓடிகினு கீது அத்த. ஓடுற வண்டிக்காரருக்கு யாராச்சும் காரியம் பண்ணுவாங்களா?" என்று மட்டும் சொல்வார். அம்மாவும் போனார். பிறகு வீட்டில் நாங்கள் இருவரும், காலையில் அந்தச் சத்தமும்.

போன மழைக்காலத்தில் அண்ணிக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து அங்கேயே இறந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பெண்கள் குளிப்பாட்டினார்கள். அதுவரை எல்லாம் வேகமாக நடந்தது. பிறகு சித்தி ஒரு தட்டில் மஞ்சள், குங்குமம், மல்லிகைப்பூ எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இன்னாடி சொல்ற? பூ வெச்சா உங்க அண்ணன் உசுரோட கீறான்னு அர்த்தம். வெக்கலன்னா, இத்தினி வருஷம் கழிச்சி இவ தாலிய நாமளே அறுத்தாப்பல. நீதான் வூட்டு ஆளு. சொல்லு."

அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கடையில் கேட்பார்களே, அப்புறம் என்ன ஆச்சு என்று, அதே பார்வை. தெரியாதுங்க என்று சொல்லி நிற்க அங்கே இடம் இல்லை. வெளியே பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணியின் கையைப் பார்த்தேன். நகக்கணுவில் எப்போதும் இருக்கும் கீரைப் பச்சை ஆஸ்பத்திரியில் போயிருந்தது.

"வண்டி ஓடிகினு கீது சித்தி. பூ வைங்க" என்றேன்.

நடுவகிட்டில் குங்குமம் வைத்தார்கள். தலை நிறையப் பூ வைத்தார்கள். "மகராசி, கொடுத்து வெச்சவ" என்று யாரோ சொன்னார்கள், மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து வண்டியை யாரும் தொடவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அண்ணி கேட்டுக்கொண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கிறேன். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி, அவர் நின்ற இடத்தைத் தாண்டி நான் அவரை அனுப்பிவிட்டேனோ என்னவோ. அதன் பிறகு நான் கதை எதுவும் முடிக்கவில்லை.

பூ வைத்த மறுநாள் காலை டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து வண்டியை உதைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டு போனேன். பிளக் மாற்றினார். மதியம் ஓடியது.