கூட்டாளி சொன்ன பிரெஞ்சுப் படம்

போன வருடம் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், சிட்னியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள நூலகத்தில் பழைய பிரெஞ்சுப் படம் ஒன்று காட்டினார்கள். பொலிசும் கொள்ளைக்காரரும் வரும் கறுப்பு வெள்ளைப் படம். கதவில் ஒட்டியிருந்த தாளில், தொப்பி போட்ட இன்ஸ்பெக்டரையும் கன்னத்தில் தழும்புள்ள கொள்ளைக்காரனையும் கண்டதும் நின்றுவிட்டேன். இளம் வயதில் யாழ்ப்பாணத்தில் பார்த்த அதே படம்.

அப்போது ஊரில் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் போட்டு, ஒரு வீட்டு விறாந்தையில் வீடியோவில் படம் பார்ப்போம். இந்தக் கசெட் என் கூட்டாளிக்குப் பாரிஸில் இருந்த உறவினர் அனுப்பியது. பாரிஸிலிருந்து கசெட் வருகிறதென்றால் அவனுக்குப் பிரெஞ்சும் தெரியும் என்று எல்லோரும் நம்பினோம். அவனும் டிவிக்குப் பக்கத்தில் நின்று, ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்தித் தமிழில் கதை சொன்னான். இன்ஸ்பெக்டரும் கொள்ளைக்காரனும் அண்ணன் தம்பி. ஜன்னலில் நிற்பவள் தாய். கடைசியில் அண்ணன் வானத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டுத் தம்பியைத் தப்ப விடுகிறான். வெடிச் சத்தம் கேட்டதும் கூட்டாளி வீடியோவை நிற்பாட்டிவிட்டான். நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினோம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். கலியாணம் பேசி மனைவி சிட்னிக்கு வந்த புதிதில், அவளோடும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஒரு மாதம் வீடு சத்தமில்லாமல் கிடந்தது. ஒருநாள் சாப்பிடும்போது இந்தக் கதையைச் சொன்னேன். அவள் விக்கி விக்கி அழுதாள். யுத்தத்தில் காணாமல் போன தன் தம்பியைப் பற்றி அன்றைக்குத்தான் என்னிடம் முதன்முதலாகச் சொன்னாள். பிறகு எத்தனையோ தடவை அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கீழே ஓடிய ஆங்கில எழுத்தை என்னால் அந்த வேகத்தில் வாசிக்க முடியாது. அவள்தான் வாசித்துச் சொன்னாள்.

“இது தாய் இல்லையப்பா. விடுதிக்காரி. அறையை விட்டுப் போகச் சொல்லுறா.”

“வடிவாப் பாரும்.”

“எழுதியிருக்கிறதைத்தானே வாசிக்கிறன்.”

படம் முழுக்க சிகரெட் பிடித்தார்கள், கோப்பி குடித்தார்கள், டெலிபோனில் கதைத்தார்கள். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரர் குறட்டை விட்டார். அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. இன்ஸ்பெக்டர் கொள்ளைக்காரனை நெஞ்சில் சுட்டுவிட்டு, மழைக்கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நடந்து போனார்.

வெளிச்சம் போட்ட பிறகும் மனைவி எழும்பவில்லை. காரில் ஏறியதும், “இவ்வளவு வருசமும் எனக்குப் பொய்யே சொன்னனீங்கள்?” என்று மட்டும் கேட்டாள்.

இப்போது மெல்பேர்னில் இருக்கும் அந்தக் கூட்டாளிக்கு உடனே போன் எடுத்து, அவளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

“உனக்குப் பிரெஞ்சு தெரியுமோடா?”

“எனக்கு இங்கிலீசே மட்டுமட்டு. ஏன்?”

“அந்தப் படத்தில தம்பியே இல்லையடா. கடைசியில இன்ஸ்பெக்டர் அவனைச் சுட்டெல்லோ போடுறார்.”

“நான் முதலே தனியப் பாத்தனான். அண்டைக்கு விறாந்தையில இருந்த சனத்தை யோசிச்சுப் பார். எத்தினை பேரின்ர பிள்ளையளைக் காணேல்லை. பெடியனைச் சுட்டுப்போட்டாங்கள் எண்டு எப்பிடியடா வாயால சொல்லுறது?”

மனைவி என் கையிலிருந்து போனை வாங்கினாள். திட்டப் போகிறாள் என்று பயந்தேன்.

“அண்ணை, தப்பின பெடியன் எங்க போனவன்?”

அவன் யோசிக்கவே இல்லை. “கப்பல் ஏறிட்டான் தங்கச்சி. எங்கயோ சுகமா இருக்கிறான்.”

“ஓம்” என்றாள். போனைத் தந்துவிட்டு, சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

அந்தப் படம் நல்ல படமில்லை. ஆனாலும் யாராவது அதைப் பற்றிக் கேட்டால், கூட்டாளி சொன்ன கதையைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். எதற்கெடுத்தாலும் கூச்சப்படுகிற எனக்கு, அந்தப் பொய்யைச் சொல்ல மட்டும் கூச்சமே வருவதில்லை.