அடையாளம் ஒன்று குறைய

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குப் போனால் அவர் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருப்பார். ஒன்றுகூட அவருடையது இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பெஞ்சுக்கு அடியிலும் படிக்கட்டிலும் மறந்து வைக்கப்பட்டு, இரண்டு நாள் மூடியபடியே கிடந்தவை. ஜன்னலைத் திறந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மூடியைக் கழற்றுவார். உள்ளே இருப்பதைப் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை. ரொம்பவும் மோசமாக இருந்தால் மட்டும், "இதுக்கு உயிர் வந்தாச்சு, நாளைக்கு ஒரு ஆபீஸையே நடத்தும்" என்பார்.

எங்களுடையது பெண்கள் மட்டும் படிக்கும் பல்கலைக்கழகம். நாலாயிரம் பேர் படிக்கிறார்கள். நாலாயிரம் பேரும் எதையாவது தொலைக்கிறார்கள். தொலைத்தவை எல்லாம் நிர்வாகக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இவருடைய அறைக்கு வந்துசேரும். படி ஏறுகிற பக்கமாகக் கூரையும் சரிந்திருப்பதால் உயரமான பெண்கள் தலையை இடித்துக்கொள்வார்கள். "தலை இருக்கில்ல? அப்போ பெருசா எதுவும் தொலையல. சொல்லு" என்று விசாரணை தொடங்கும்.

பதவிப்படி இவர் பாதுகாப்புப் பிரிவில் எழுத்தர். மாணவிகளுக்கு 'கிடைச்சக்கா'. கதவில் முன்பு 'தொலைந்த பொருட்கள்' என்று பலகை இருந்ததாம். வேலைக்கு வந்த முதல் வாரமே அதை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். "தொலைஞ்சது எங்க இருக்குன்னு எனக்கென்ன தெரியும்? இங்க இருக்கிறது கிடைச்சது." பலகை மாற மூன்று வருடம் ஆனது. அதுவரை பழைய பலகையின் மேல் ஒரு காலண்டரை மாட்டி வைத்திருந்தார்.

வந்துசேர்ந்த குடைகளை விரித்துக் காயவைப்பார். கைக்கடிகாரம் நின்றிருந்தால் தட்டிப் பார்ப்பார். ஒருமுறை ஒரு தொட்டிச்செடி கிடைத்தது. உரியவள் விடுமுறை முடிந்து வருவதற்குள் அது ஜன்னல் கம்பியைப் பிடித்துவிட்டது. அவளிடம் கம்பியை விட்டுவிட்டுச் செடியை மட்டும் எடுத்துப் போகச் சொன்னார். கைபேசி ஒலித்தால் எடுத்து, "அவ இல்ல. போன் மட்டும்தான் இருக்கு. சொல்லுங்க" என்பார். எதிர்முனையில் இருக்கும் அம்மாக்கள் வைத்துவிடுவதில்லை, சொல்லத் தொடங்கிவிடுவார்கள். செய்தியைத் துண்டுத்தாளில் குறித்துக் கைபேசியோடு ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார். நான் பார்த்த ஒன்று: 'சித்தப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வரும்போது ஸ்வெட்டர் எடுத்து வரவும். அத்தைக்குத் தெரிய வேண்டாம்.'

வீட்டில் மட்டும் எதையும் தேடித் தர மாட்டார். கணவர் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவாராம். இவர் எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பாராம். "அஞ்சு மணிக்கு மேல தேடினா அதுக்கு ஓவர்டைம் கேக்கணும் மேடம்."

அறையில் இரண்டு இருக்கைகள். ஒன்றில் அவர். மற்றொன்று வருகிறவர்களுக்கான முக்காலி. அதில் எப்போதும் டிபன் பாக்ஸ்கள் கோபுரமாக அடுக்கியிருக்கும். இறக்கிவைத்தால் என்ன என்று நானே கேட்டிருக்கிறேன். "உக்கார்ந்தா அழ ஆரம்பிச்சிடுவாங்க. நின்னுட்டு யாரும் ரொம்ப நேரம் அழ முடியாது" என்றார். பன்னிரண்டு வருடமாக நானும் நின்றுகொண்டுதான் பேசுகிறேன்.

நான் போவது வளாகச் செய்தித்தாளுக்காக. நாலு பக்கம், வியாழக்கிழமைதோறும் வரும். பதிப்பிப்பது என் வேலை. முதல் பக்கத்தில் துணைவேந்தர் யாருக்காவது பரிசு கொடுப்பார், அல்லது யாரிடமிருந்தாவது வாங்குவார். இரண்டாம் பக்கம் கருத்தரங்கு. மூன்றாம் பக்கம் விளையாட்டு. நாலாம் பக்கத்தின் அடியில் 'கிடைத்தவை'. எல்லாரும் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குகிறார்கள். பெரும்பாலோர் அங்கேயே நிறுத்தியும் விடுகிறார்கள்.

அவர் எழுதும் குறிப்புகளில் நான் கைவைப்பதில்லை. 'நீலக் குடை ஒன்று. ஒரு கம்பி மட்டும் தன் இஷ்டத்துக்கு நிற்கும். பிடியில் ஏதோ சுற்றியிருக்கிறது. என்னவென்று சொல்பவருக்கு.' இப்படித்தான் எல்லாம். ஓர் அடையாளத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவார். எங்கே கிடைத்தது என்பதை ஒருபோதும் எழுத மாட்டார். முழு விவரமும் வெளியிட வேண்டும் என்று பதிவாளர் ஒருமுறை சுற்றறிக்கை அனுப்பினார். அதை மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்திருக்கிறார். இப்போது மேசை ஆடுவதில்லை.

இதற்குக் காரணம் முதல் வருடத்தில் நடந்தது. ஒரு சங்கிலி கிடைத்து, நீளம், கண்ணி, கொக்கி, கிடைத்த இடம் எல்லாவற்றையும் விலாவாரியாக எழுதிவிட்டார். மத்தியானத்துக்குள் நாலு பேர் வந்து தங்களுடையது என்றார்கள். நாலு பேரும் அழுதார்கள். முதலில் அழுதவளிடம் கொடுத்துவிட்டார். "சாயங்காலம் அஞ்சாவதா ஒருத்தி வந்தா. அவ அழவே இல்ல மேடம். சும்மா நின்னா. அவளோடதுதான் அது." சங்கிலி திரும்பக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று கேள்விகள் வந்தன: என்ன பொருள், நான் எழுதாத அடையாளம் எது, எங்கே விட்டீர்கள். மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் பதிவேட்டில் கையெழுத்து. மாணவிகளிடம் நீ, வா, போ என்று பேசுகிறவர், பதிவேடு திறந்ததும் 'நீங்க' என்பார்.

இந்தப் பருவத்தில் ஒரு மோதிரம் வந்தது. 'மோதிரம் ஒன்று. உள்பக்கம் ஏதோ பொறித்திருக்கிறது. என்னவென்று சொல்பவருக்கு.' நாலு வியாழக்கிழமை போட்டோம், யாரும் வரவில்லை. ஆறு வியாழன் வரை அவர் வைத்திருப்பார், பிறகு பதிவாளர் அலுவலகப் பெட்டிக்குப் போய்விடும். கண்டெடுத்தவர் நூலகத்தைக் கூட்டும் பெண். மாடியில் கைகழுவும் இடத்தில், சோப்புப் பெட்டிக்குள், மூடி போட்டு இருந்ததாக அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிடைச்சக்கா என்னிடம்கூடச் சொல்லவில்லை. கழன்று விழுகிற மோதிரம் மூடியைத் திறந்து உள்ளே போய் மறுபடி மூடிக்கொள்ளாது என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது வாரம், அச்சுக்குப் போகும் முன் முதல் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதுவரை முதல் பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. இறுதியாண்டுத் தேர்வு அட்டவணையில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "இந்தத் தேதியெல்லாம் மாத்துவாங்களா மேடம்?" என்றார். மாற்ற மாட்டார்கள் என்றேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடைகளை மடக்கப் போனார்.

மூன்றாவது வாரம் என்னிடம் ஒரு மாணவியைப் பற்றிச் சொன்னார். இறுதியாண்டுப் பெண். முதலில் தண்ணீர்ப் பாட்டில் கேட்டு வந்திருக்கிறாள். அடுத்து கால்குலேட்டர். பிறகு எதையும் கேட்காமலே வந்து நின்று, ஆறு வியாழனுக்கும் யாரும் வராத பொருள் என்ன ஆகும் என்று விசாரித்திருக்கிறாள். பதிவாளர் பெட்டிக்குப் போகும் என்றாராம் இவர். அதற்குப் பிறகு என்று கேட்டாளாம். "அப்புறம் அது பதிவாளர் பாடுன்னேன். சிரிச்சா மேடம். ஒரு பொருளைத் தொலைச்சவ மாதிரி இல்ல. வெச்சுட்டுப் போனவ மாதிரி வந்து பாத்துட்டுப் போறா."

போன திங்கட்கிழமை பத்தரைக்கு நான் குறிப்பு வாங்கப் போனபோது அந்தப் பெண் அங்கே இருந்தாள். பக்கத்தில் அவளுடைய அம்மா. இரண்டு பஸ் மாறி, வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர். நகைக்கடை பில்லை நனையாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் பிடித்திருந்தார். வீட்டுக்கு வந்த மகளின் பைக்குள் மடித்துக் கிடந்த எங்கள் செய்தித்தாளைப் பிரித்து, எல்லாரையும் போலக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்திருக்கிறார்.

கிடைச்சக்கா பதிவேட்டைத் திறந்தார். என்ன பொருள் என்று கேட்டார். அம்மா நிச்சயதார்த்த மோதிரம் என்றார். உள்ளே என்ன என்று கேட்டார்.

"தேதி. கல்யாணத் தேதி. வர்ற மாசம் பதினெட்டு."

என் கையில் போன வியாழக்கிழமைத் தாள் இருந்தது. முதல் பக்கத்தில் மறுபடியும் தேர்வு அட்டவணை. பதினெட்டு, இறுதியாண்டு, மூன்றாம் தாள். நான் தாளை மடித்துக்கொண்டேன்.

"சரி. எங்க விட்டீங்க?"

அம்மா மகளைப் பார்த்தார். மகள் சுவரோரம் விரித்திருந்த குடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வகுப்பறை என்றார். இல்லை என்று தலையசைத்தார் இவர். நூலகம் என்றார். நூலகம் பெரியது, அதில் எங்கே என்றார் இவர்.

"சொல்லேன்டி. வாயில என்ன வெச்சிருக்க?"

அம்மா பில்லை மேசையில் வைத்தார். எடை, தேதி, கடை முத்திரை எல்லாம் இருந்தது. இவர் அதை முழுக்கப் படித்துவிட்டு, திருப்பிக் கவருக்குள் போட்டுக் கொடுத்தார். "பில் கடைக்கு செல்லும்மா. இங்க இடம் சொல்லணும்."

"நான் இவளைப் பெத்தவ."

"இவங்களைப் பெத்தீங்க. சரி. மோதிரத்தை வெச்ச இடம் இவங்களுக்குத்தானே தெரியும்?"

அம்மாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் குரல் தாழ்ந்துதான் போனது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் வீட்டுக்கு வருகிறார்கள், வெறும் விரலோடு இவள் எப்படி அவர்கள் முன்னால் வந்து நிற்பாள் என்றார். தேதி குறிக்கும்போது பரீட்சை இருப்பது தெரியாது, தெரிந்தபோது மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். நல்ல இடம், கேட்டு வந்த இடம் என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "பரீட்சை அடுத்த வருஷமும் வரும் மேடம். மாப்பிள்ளை வருவாரா?" என்றார்.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றார் கிடைச்சக்கா. அது உண்மைதான். அவர் மூன்று கேள்விக்கு மேல் எதையும் தெரிந்துவைத்துக்கொள்வதில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"அக்கா, என் குடை ஒண்ணு இங்க இருக்கு."

இவர் பக்கத்தைத் திருப்பினார். "சொல்லுங்க."

"நீலக் குடை. பிடியில பச்சை டேப், மூணு சுத்து. கெமிஸ்ட்ரி லேபுக்கு வெளிய ரெண்டாவது ஜன்னல் கம்பில மாட்டிட்டுப் போனேன். போன மாசம் ஒம்பதாம் தேதி, மழை விட்டப்புறம்."

"குடை எங்க விட்டோம்னு இவ்வளவு ஞாபகம் இருக்கு" என்றார் அம்மா, பொதுவாக.

இவர் எழுந்துபோய் அந்தக் குடையை மடக்கினார். கம்பி அடங்கவில்லை, உள்ளங்கையால் அழுத்தி அடக்கி மேசைமேல் வைத்தார். பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். வெறும் விரல்கள், ஒன்றில் மட்டும் வெயில் படாத வெளுப்பு வளையமாக இருந்தது. பதிவேட்டை உடனே மூடிவிடுவது இவர் வழக்கம். அன்று மூடவில்லை.

"வேற ஏதாவது இருக்கா?"

மோதிரம் இருக்கும் மேசை இழுப்பறையின் சாவி இவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு சேர்ந்து கிடக்கும். அட்டையைப் பிடித்தபடி காத்திருந்தார். அம்மா மகளின் முழங்கையைத் தொட்டார். படிகளில் யாரோ கூட்டமாக ஏறிப் போனார்கள், கூரை அதிர்ந்தது.

"வேற எதுவும் இல்லக்கா."

கிடைச்சக்கா பதிவேட்டை மூடினார்.

அவள் குடையை எடுத்துக்கொண்டாள். அம்மாவின் தோளிலிருந்து நழுவியிருந்த பையை மேலே ஏற்றிவிட்டாள். பதினொன்றுக்கு வகுப்பு என்றாள். குனிந்து, தலை இடிக்காமல், வெளியே போனாள்.

"அப்போ பதினெட்டாம் தேதி நீ எங்கடி இருப்ப?" என்று அம்மா கேட்டபோது வாசலில் யாரும் இல்லை.

கிடைச்சக்கா அந்த வாரத்துக் குறிப்பை என்னிடம் நீட்டினார். மோதிரம் ஐந்தாவது முறையாக, அதே வார்த்தைகளில் இருந்தது. பிறகு முக்காலியிடம் போனார். மேலே இருந்த டிபன் பாக்ஸை எடுத்தார். அடுத்ததை எடுத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பதையும் இடது கையில் அடுக்கிக்கொண்டு, வலது கையால் முக்காலியிலிருந்த ஈரத்தைத் துடைத்து, காலால் அதை அம்மாவின் பக்கம் தள்ளினார்.

அம்மா உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நான் அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

ஒன்பது டப்பாக்களையும் வைக்க அறையில் வேறு இடம் இல்லை. மோவாய் வரை அடுக்கிப் பிடித்தபடி, சரிந்த கூரைக்குத் தலையைக் குனிந்து, கிடைச்சக்கா வெளியே போனார்.