கராத்தே வகுப்பில் பிடிபட்ட நோய்

பரீதாவின் வலது கை என் முகத்தை நோக்கி வந்தபோது அது இரண்டு கைகளாக இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முஷ்டிகள், இரண்டுக்கும் ஒரே வேகம். நான் ஒன்றைத் தடுத்தேன். நான் தடுத்தது அங்கே இல்லாத கை. இருந்த கை நேராக என் மூக்கில் வந்து விழுந்தது.

"என்ன புள்ள, கண்ண மூடிக்கிட்டா நிக்கிற?" என்றாள் பரீதா. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மயஸ்தீனியா கிராவிஸ் (நரம்பு இடும் கட்டளையைத் தசைகள் சரியாகப் பெற முடியாமல் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய்) எனக்கு அறிமுகமானது இப்படித்தான். இதே நோயோடு இதை வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், தைரியமாக வாசியுங்கள்.

இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்து யட்டவத்தயில் எனக்கு ஒரு தையல்கடை. பக்கத்துத் துணிக்கடை பரீதாவுடையது. நாற்பதைத் தாண்டிய பிறகு இரத்தத்தில் சீனி எல்லைக்கு வந்துவிட்டது, நடக்கவேண்டும் என்றார்கள். சும்மா நடக்க எனக்குப் பொறுமை கிடையாது. பரீதாதான் மாத்தளை டவுனில் நடக்கும் பெண்கள் கராத்தே வகுப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். சனிக்கிழமை மாலை, ஒரு மாடி மண்டபம்.

போன முதல் நாளே பைத்தியம் பிடித்துவிட்டது. பிறந்ததிலிருந்து "மெதுவாப் பேசு" என்று கேட்டு வளர்ந்தவள் நான். இங்கே சென்செய் (பயிற்சியாளர்), என்னைவிட வயதில் சிறிய சிங்களப் பெண், "சத்தம் போதாது!" என்று என்னைத் திட்டினார். வயிற்றிலிருந்து கத்தினேன். ஜன்னலில் இருந்த புறா பறந்தது. சில மாதங்களில், பஸ் நெரிசலில் உரசிக்கொண்டே வந்த ஒரு பெரிய மனிதரின் விலாவில் என் முழங்கை தானாகப் போய் இறங்கியது. அவர் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டார். எனக்கு மாத்தளை வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. களைத்தால் உட்காரக் கூடாது. காலை அகட்டி, முழங்காலை மடக்கி, குதிரைமேல் இருப்பதுபோல நிற்கவேண்டும். களைப்பை அப்படித்தான் வெல்வது என்று எல்லோரும் நம்பினோம். கை இரண்டாகத் தெரிய ஆரம்பித்ததும் நான் இரண்டு மடங்கு பயிற்சி செய்தேன். உடம்பு சோம்பேறியாகிவிட்டது, நாலு போடு போட்டால் சரியாகும் என்று நினைத்தேன். இது கராத்தேக்காரிகள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம்.

சரியாகவில்லை. சோறு பாதி சாப்பிடும்போதே தாடை ஓய்ந்தது. மாலையானால் பேச்சு மூக்கால் வந்தது. என் வீட்டுக்காரர் செல்வம், பல்லேபொல பக்கம் மிளகும் கிராம்பும் வாங்கி விற்பவர், ஒரே முடிவாகச் சொன்னார்: "இந்தக் குத்து உதைதான் ஒன்ன இப்பிடி ஆக்கிருச்சு. விட்டுத் தொல." விட்டுவிடச் சொன்னதுதான் எனக்கு நோயைவிடப் பயமாக இருந்தது.

ஒரு டொக்டரிடம் போனோம். ஆஸ்பத்திரி நடைபாதையில் காலை முழுக்கக் காத்திருந்து உள்ளே போனபோது கண் நேராக இருந்தது. கையை நீட்டி, "தள்ளுங்க பாப்பம்" என்றார். கராத்தேக்காரியிடம் அப்படிச் சொல்லலாமா? இடுப்பிலிருந்து தள்ளினேன். சக்கரம் வைத்த நாற்காலியோடு போய்ச் சுவரில் முட்டினார். "ஒங்களுக்கு ஒன்னுமில்ல, கண்ணாடிய மாத்துங்க" என்று சிரித்தார். நானும் பெருமையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

நோயைப் பிடித்தது பரீதா. வகுப்பில் பாதிப் பேர் முஸ்லிம் பெண்கள். மஃரிப் (அந்தித் தொழுகை) நேரத்தில் பயிற்சியை நிறுத்துவோம். அவர்கள் பக்கத்து அறையில் தொழுவார்கள், நாங்கள் பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) குடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்போம். வகுப்பில் உட்கார அனுமதி அந்த நேரம் மட்டும்தான். ஒரு சனிக்கிழமை தொழுதுவிட்டு வந்தவள் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"வசந்தி, நான் தொழப் போகக்குள்ள ஒன்ட வலக்கண்ணு பாதி மூடியிருந்திச்சு. இப்ப நல்லாத் தொறந்திருக்கு. போன கிழமையும் இதேதான். நீ களைச்சா நோய் வருது, உக்காந்தா போயிருது. டொக்டர்மார் ஒன்ன உக்கார வெச்சுத்தானே பாக்கிறாங்க?"

எத்தனை மாதமாக என் முகத்திலேயே இருந்தது!

கண்டியில் நரம்பியல் கிளினிக்குக்குப் பரீதாவும் வந்தாள். அங்கேயும் வாங்கில் (பெஞ்சில்) நெடுநேரக் காத்திருப்பு, அங்கேயும் உள்ளே போனபோது எல்லாம் சரி. டொக்டர் ஒரு தமிழ்ப் பெண். அவர் பேனாவை எடுத்ததும் பரீதா குறுக்கிட்டாள்.

"டொக்டர், கோவிச்சுக்காதீங்க. இவள இவ்வளவு நேரமா வாங்குல உக்கார வெச்சிட்டாங்க. களைக்க வெச்சுப் பாருங்க."

"எப்பிடிக் களைக்க வெக்கிறது?"

"அத நாங்க பாத்துக்கிறோம்."

கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே நான் குதிரை நிலையில் இறங்கினேன். பரீதா இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டிக்கொண்டு, வகுப்பில் எண்ணுவதுபோல ஜப்பானிய மொழியில் எண்ண ஆரம்பித்தாள். இச்சி, நி, சான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குத்து, ஒரு கத்தல். வெளியே இருந்த செல்வம் யாரோ அடிக்கிறார்கள் என்று கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். என் கைகள் கனத்தன. பரீதா இரண்டு பேரானாள். வலது இமை கடைக் கதவைப்போல மெதுவாக இறங்கியது.

டொக்டர் மேசையைச் சுற்றி வந்தார். "நிறுத்தாதீங்க! இன்னும் கொஞ்சம்!" பக்கத்து அறையிலிருந்த மருத்துவ மாணவர்களையும் கூப்பிட்டார். ஒரு கையுறைக்குள் பனிக்கட்டி போட்டு என் இமையில் வைத்துவிட்டு எடுத்தார்கள். இமை எழுந்து நின்றது (குளிர்ச்சியில் இந்நோயின் சோர்வு கொஞ்ச நேரம் குறையும்). மாணவர்கள் வாய்விட்டே வியந்தார்கள். மயஸ்தீனியாதான் என்றார் டொக்டர். நோய் இருக்கிறது என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

"கராத்தேனாலதான் வந்துச்சா டொக்டர்?" என்று செல்வம் கேட்டார்.

"இல்ல. கராத்தே இல்லன்னா இன்னும் பிந்தித்தான் கண்டுபிடிச்சிருப்போம்."

இரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது. மாத்திரைகள் வந்தன. முதல் மாத்திரை போட்ட அன்று ஒரு தட்டுச் சோற்றை ஓய்வில்லாமல் மென்று முடித்தேன், அழுதுகொண்டே. ஸ்டெரோய்ட் (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) முகத்தை வீங்க வைத்தது. பிறகு நெஞ்செலும்பைத் திறந்து தைமஸ் சுரப்பியை (நெஞ்சுக்குள் இருக்கும், இந்நோயைத் தூண்டக்கூடிய சுரப்பி) எடுத்தார்கள். இருமினால் உயிர் போய் வந்தது. இந்நோய் உள்ளவர்கள் எந்த டொக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள். சில அன்டிபயோடிக் மருந்துகள்கூட நமக்கு ஆகாது.

"வகுப்புக்கு எப்ப போகலாம்?" என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்டேன். "இப்ப வேணாம்" என்பதே பதில். ஒரு நாள் டொக்டர் என் கிளினிக் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"போங்க. ஆனா எங்க நிறுத்தணும்னு நான் சொல்ல ஏலாது. ஒங்க உடம்புக்குத்தான் தெரியும். களைச்ச பிறகு நிறுத்தினா பிந்திருச்சுன்னு அர்த்தம்."

விட்டுத் தொலை என்ற அதே செல்வம் அந்தச் சனிக்கிழமை என் சீருடைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பு வரைக்கும் வந்தார். மண்டபத்தில் சென்செய் ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருந்தார். எங்கள் வகுப்பில் அதுவரை நாற்காலியே இருந்ததில்லை.

பரீதாவோடு சண்டைக்கு நின்றேன். ஒரே ஒரு பரீதா! என் உதை அவள் இடுப்பில் சுத்தமாகப் பட்டது. உள்ளே என்னவோ துள்ளியது. கை லேசாக இருந்தது, மூச்சு சீராக இருந்தது, இமை மேலேயே நின்றது. பழைய வசந்தியாக இருந்தால் விழும்வரை விட்டிருக்கமாட்டாள். நான் கைகளை இறக்கி, குனிந்து வணங்கினேன்.

"என்னடி, ஏலாதா?" என்று பதறினாள் பரீதா.

"ஏலும். அதனாலதான்."

அவள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கும், இராச் சோற்றுக்கும், நாளைக்கும் போதுமான பலம் உடம்பில் மீதம் இருந்தது.