மூலக் கட்டடம் அன்று

கொழும்பில் நான் வேலை பார்த்த கட்டடக்கலை அலுவலகத்தில் ஏழு வருடமும் என் மேசைக்கு வந்தவை குசினிகளும் குளியலறைகளும்தான். முகப்பு, மாடிப்படி, மண்டபம் எல்லாம் ஆண்களுக்குப் போய்விடும். பெண்பிள்ளைக்குத்தானே குசினியின் அருமை தெரியும் என்று அலுவலகப் பெரியவர் சிரித்தபடி சொல்வார். அவருடைய வீட்டுக் குசினியையும் நான்தான் வரைந்தேன். அதற்குள் அவர் ஒரு நாளாவது போயிருப்பாரா என்பது சந்தேகம்.

யுத்தம் முடிந்த பிறகு சொந்த ஊரான திருகோணமலைக்குத் திரும்பி, ஓர்ஸ் ஹில்லில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து என் பெயரில் பலகை மாட்டினேன். முதல் வேலைத்தலத்தில் மேசன் என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, "மிஸ், சேர் எப்ப வருவார்?" என்று கேட்டார். சேர் என்று ஒருவரும் இல்லை, வரைந்தது நான்தான் என்றேன். அவர் வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் நூல் பிடிக்கத் தொடங்கினார்.

வேலை குறைவாக இருந்த அந்த நாட்களில்தான் துறைமுகத்தைச் சுற்றியுள்ள பழைய வீடுகளை அளக்க ஆரம்பித்தேன். அளந்ததை எழுதினேன். சுண்ணாம்புச் சாந்தைப் பற்றி நான் எழுதிய முதற் கட்டுரையை ஒரு பத்திரிகை பெண்கள் பக்கத்தில், பூசணிக்காய்ப் பாயாசத்துக்கு அருகில், ஒரு பூச்சாடிப் படத்துடன் போட்டது. நான் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த கட்டுரையும் அதே பக்கத்தில்தான் வந்தது.

அந்தக் காலத்தில் ஊரின் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசுவதற்கு எல்லா மேடைகளிலும் ஒருவரைத்தான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பெரிய உத்தியோகத்தர். எந்தச் சுவரைக் காட்டினாலும் ஒல்லாந்தர் காலம், டச்சுக்காரர் கட்டியது என்பார். ஒரு அளவுநாடாவை அவர் கையில் நான் கண்டதில்லை. ஒருமுறை அவருடைய கூட்டத்தில் எழுந்து, அந்தச் செங்கல் அளவு ஒல்லாந்தருடையது அல்ல என்று சொன்னேன். தங்கச்சி நல்ல ஆர்வமாக இருக்கிறா என்று சொல்லிவிட்டு அடுத்த படத்தைக் காட்டினார். சபை கைதட்டியது. அந்தக் கைதட்டல் என் மனதில் வெகுகாலம் கிடந்து புளித்தது. பிறகு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் சொல்கிறேன்.

அவர் ஒல்லாந்தர் வீடு என்று அதிகம் கொண்டாடிய வீடு ஓர்ஸ் ஹில்லின் அடிவாரத்தில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றது. உண்மையில் அது கப்பல்களுக்கு அரிசியும் விறகும் கொடுத்துவந்த ஒரு வியாபாரி கட்டிய வீடு. சுவர்கள் கடலில் எடுத்த முருகைக்கல், ஒரு ஆள் படுக்கிற அகலம். நடுமண்டபம் இரண்டு பக்கமும் திறந்திருக்கும்; மத்தியான வெயிலிலும் துறைமுகக் காற்று உள்ளே நுழைந்து பின் விறாந்தையால் வெளியேறும். அதில் வாடகைக்கு இருந்தவர் சல்லிக் கிராமத்தில் பிறந்த ஒரு விதவை. படுத்த படுக்கையாக இருந்த தன் தமையனையும் அவரே பார்த்துக்கொண்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அக்கா என்றேன், அவர் தங்கச்சி என்றார்.

மூன்று மாதம் அந்த வீட்டை அளந்தேன். நாடாவின் மறுமுனையை அக்காதான் பிடிப்பார். எந்தச் சுவர் மாரியில் வியர்க்கும், எந்த யன்னலால் பாம்பு வரும், தமையனின் கட்டிலை எந்த மாதம் எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் சுவரின் தடிப்பை மட்டும் குறித்துக்கொண்டேன்.

என் புத்தகம் வந்தபோது அந்த வீட்டுக்கு ஒரு முழு அத்தியாயம் இருந்தது. முன்விறாந்தைத் தூண்கள் ஒரு புயலுக்குப் பிறகு சீமெந்தால் மாற்றப்பட்டவை என்றும், கூரைமரம் முழுவதும் யுத்தகாலத்தில் எரிந்து புதிதாகப் போடப்பட்டது என்றும் ஆதாரத்தோடு காட்டினேன். அத்தியாயத்தின் முதற் பக்கத்திலேயே, "இன்று நாம் காண்பது மூலக் கட்டடம் அன்று" என்று எழுதினேன். அந்த வரியை எழுதும்போது அந்த மேடைப் பெரியவரின் முகம் என் கண்முன் நின்றது. வரி நன்றாக விழுந்துவிட்டது என்று எனக்கே தோன்றியது. வீட்டின் பெறுமதி தூணிலோ கூரையிலோ இல்லை, சுவர்களிலும் அறைகள் அமைந்த விதத்திலும் காற்றோட்டத்திலும் இருக்கிறது என்று அடுத்த நாலு பக்கங்களில் எழுதியிருந்தேன்.

இரண்டு வருடத்தில் வெளியூர்க் கம்பனி ஒன்று அந்த வீட்டை வாங்கியது. ஹோட்டல் கட்டப்போகிறார்கள் என்று கதை வந்தது. பாதுகாக்கவேண்டிய கட்டடங்களின் பட்டியலில் அதைச் சேர்ப்பதா விடுவதா என்று முடிவெடுக்க மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நான் ஒரு கோப்பு நிறைய வரைபடங்களோடு போனேன். கம்பனியின் பிரதிநிதி என் புத்தகத்தோடு வந்திருந்தார். காகிதத் துண்டு வைத்திருந்த பக்கத்தைத் திறந்து அந்த ஒரு வரியை வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

நான் எழுந்து அடுத்த பக்கத்தையும் வாசிக்கச் சொன்னேன். தலைமை வகித்த உத்தியோகத்தர் களைத்துப்போன குரலில், "மிஸ், இதை எழுதினது நீங்கள்தானே?" என்று கேட்டார்.

"ஓம், நான்தான். ஆனால் முழுக்க வாசிச்சால்தான்…"

"அப்ப பிறகென்ன."

அந்த ஓய்வு பெற்ற பெரியவரும் அங்கே இருந்தார். வீட்டைக் காப்பாற்றவேண்டும், அது ஒல்லாந்தர் காலத்து வீடு என்று அவர் மட்டுமே கடைசிவரை வாதாடினார். அவர் சொன்னது பிழை. என் பக்கம் நின்றவர் அவர் ஒருவர்தான்.

வீடு பட்டியலில் சேரவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது கம்பனிப் பிரதிநிதி என்னிடம் மிக மரியாதையாகக் கதைத்தார். வீட்டை என்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை, ஹோட்டலை நானே வரையவேண்டும் என்றார். சுவர்களை வைத்துக்கொண்டு வரைவேன், அதற்குச் சம்மதமென்றால் செய்கிறேன் என்றேன். தாராளமாக என்றார். நான் நம்பினேன். நம்பியதற்குச் சுவர்கள் மட்டும் காரணமல்ல. என் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பெரிய கட்டடம் முழுவதும், முகப்பு முதல் பின்கதவு வரை, என் கைக்கு வந்திருந்தது.

அக்காவுக்கு வீட்டை விட்டு எழும்ப மனமில்லை. பலபேர் வந்து கதைத்தும் வீட்டை ஒப்படைக்கும் பத்திரத்தில் அவர் கையெழுத்து வைக்கவில்லை. கடைசியில் நான் போனேன். கம்பனி என்னை அனுப்பியது என்று சொல்லவில்லை. நானும் அப்படி நினைக்க விரும்பவில்லை. சுவரெல்லாம் அப்படியே நிற்கும், மண்டபம் நிற்கும், நான் பொறுப்பு என்றேன். அவர் குசினிக்குள் போய்க் கை கழுவிக்கொண்டு வந்து கையெழுத்து வைத்தார். அடுத்த கிழமை தமையனை வாகனத்தில் கிடத்திக்கொண்டு இலங்கைத்துறையில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார்.

நான் என் அளவுப் படங்கள் எல்லாவற்றையும், புதிய வரைபடங்களையும் கம்பனியிடம் கொடுத்தேன். பிறகு ஒரு மகாநாட்டுக்காக நாலு நாள் கொழும்பில் நின்றேன். பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றிய மகாநாடு. நான் ஒரு கட்டுரை வாசித்தேன். திரும்பி வந்து பார்த்தபோது கிணறு மட்டும் இருந்தது. சுவர்கள் பலமில்லை என்று தங்கள் எஞ்சினியர் சொன்னார், வேறு வழியிருக்கவில்லை என்றார் பிரதிநிதி. அந்தப் பலமில்லாத சுவர்களை உடைக்க இரண்டு பெக்கோ இயந்திரங்கள் மூன்று நாள் வேலை செய்தன என்று எதிர்க் கடைக்காரர் சொன்னார்.

நான் விலகினேன். ஹோட்டலை வேறொருவர் வரைந்தார். அதன் வரவேற்பறைச் சுவரில் என்னுடைய அளவுப் படம் பெரிதாக்கி மாட்டப்பட்டிருக்கிறது. அக்கா பிடித்த நாடாவால் அளந்த ஒவ்வொரு அளவும் அதில் இருக்கிறது. பெயர் இல்லை.

அக்காவைப் பார்க்க இலங்கைத்துறைக்குப் போக எனக்கு எட்டு மாதம் எடுத்தது. தமையன் இறந்து முப்பத்தோராம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது என்பதே அங்கே போன பிறகுதான் தெரியவந்தது. தகரக் கூரை வீடு. கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி தந்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். பாதியிலேயே நிறுத்தினார்.

"அவை வந்து கேக்கேக்க நான் ஏலாது எண்டுதான் சொன்னனான், தங்கச்சி. நீங்கள் வந்தபடியால் வைச்சனான்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மகளை வாசல்வரை அனுப்பினார்; தான் எழும்பவில்லை.

நான் அந்தக் கட்டடப் பட்டியலுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். என் வரியைத் துண்டாக எடுத்துப் பயன்படுத்தியதைக் கண்டித்து, மூன்று பக்கம். பதில் உடனே வந்தது. என் மேலான கருத்துகளுக்கு நன்றி, ஆலோசனைக் குழுவில் ஓர் அங்கத்தவராக இணைய விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். இணைந்தேன். இன்றும் இருக்கிறேன். பழைய கட்டடம் ஒவ்வொன்றைப் பற்றியும் ஓர் அறிக்கை எழுதித் தருவது என் வேலை. முழு அறிக்கையையும் ஒருவரும் வாசிப்பதில்லை. முதல் வரியை வாசிப்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கட்டடம் குழுவின் முன் வந்தது. எது என்று இங்கே சொல்லமாட்டேன். அதற்கும் கூரை மாற்றப்பட்டிருந்தது. மேலே ஏறிப் பார்த்தவள் நான்தான். மரத்தில் இயந்திர வாள் அறுத்த தடம் தெளிவாக இருந்தது; பழைய மரமென்றால் கைவாளின் தடம்தான் இருக்கும். இறங்கி வந்து மேசையில் உட்கார்ந்து, கூரை உட்பட மூலக் கட்டடம் பெரும்பாலும் அப்படியே எஞ்சியுள்ளது என்று எழுதினேன். கட்டடம் பட்டியலில் சேர்ந்தது. இன்றும் நிற்கிறது. அந்த அறிக்கைக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு, புத்தகத்துக்குக்கூடக் கிடைத்ததில்லை.

போன வருடம் கட்டடக்கலை படிக்கும் ஒரு மாணவி என் அலுவலகத்துக்கு வந்தாள். ஆய்வுக்காக அந்தக் கட்டடத்தை அளக்கிறாள். நல்ல பிள்ளை, கண்ணில் உறக்கமில்லை, கையில் சொந்த அளவுநாடா. என் அறிக்கையில் மஞ்சள் பூசியிருந்த இடத்தைக் காட்டினாள்.

"மிஸ், இந்தக் கூரை பழசெண்டு நீங்கள் எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? நான் ஏறிப் பாத்தனான். எனக்கு விளங்கேல்லை."

அவளுக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் எழுதுவாள்; அவள் வயதில் நான் எழுதியிருப்பேன். அது அச்சாகும். யாரோ ஒருவர் காகிதத் துண்டு வைத்துக் கூட்டத்துக்குக் கொண்டுவருவார்.

"பழகினால் மரத்தைப் பாத்தாலே தெரியும்" என்றேன்.

அவள் தலையாட்டி, கொப்பியைத் திறந்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.